அரையாண்டில் 58, அக்கா மகளுக்கு 96: பள்ளியை மாற்றலாமா?

வாசகர் கடிதம்:

"டீச்சர், நாங்கள் தங்கச்சிமடம் பக்கம். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் உள்ள குரூப். அரையாண்டில் கணக்கு 58, இயற்பியல் 64, வேதியியல் 71. என் அக்கா மகள் இராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அதே குரூப். அவளுக்கு 96, 97, 95. பத்தாவதில் என் மகள் 431, அக்கா மகள் 438. 'பிள்ளையைக் கெடுக்காதே, பன்னிரண்டாவதுக்காவது இங்கே கொண்டுவந்து சேர்' என்கிறாள் அக்கா. கடன் வாங்கிச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறோம். இதற்கு நடுவில், அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனார் தன் மகளுக்கு நாலுக்கு நாலரை என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். நாலுக்கு நாலரை எப்படி வரும்? இதையெல்லாம் பார்த்துவிட்டு என் மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு இன்ஜினியரிங் ஆசை. நாங்கள் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் என் கண் போய் நின்றது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில். 431, 438. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை இரண்டு பிள்ளைகளும் ஒரே கேள்வித்தாளில் எழுதினார்கள். பெயர் தெரியாத விடைத்தாளை, எந்த ஊர் எந்தப் பள்ளி என்று தெரியாத ஓர் ஆசிரியர் திருத்தினார். அப்படித் திருத்தியபோது ஐந்து பாடத்துக்கும் சேர்த்து இருவருக்கும் இடையே 7 மதிப்பெண்தான் வித்தியாசம். பாடத்துக்கு ஒன்றரைகூட வராது. அதே இரண்டு பிள்ளைகளுக்கு இப்போது கணக்கில் மட்டும் 38 வித்தியாசம். மூன்று பாடத்தையும் கூட்டினால் 95. ஒரு வருஷம்கூட ஆகாத இடைவெளியில் ஒருத்தி அவ்வளவு கீழே இறங்கி, இன்னொருத்தி அவ்வளவு மேலே ஏறுவது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கரையோரப் பள்ளிகளில், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். இவ்வளவு பெரிய வித்தியாசம் திடீரென்று வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அளவுகோலைத்தான், பிள்ளையை இல்லை. அரையாண்டுக் கேள்வித்தாள் பொதுவானதாக இருந்தால்கூட, திருத்துவது அந்தந்தப் பள்ளி. ஒரு பள்ளியில் படி தவறினால் மதிப்பெண் போகும். இன்னொரு பள்ளியில் விடை ஓரளவு ஒத்துவந்தால் முழு மதிப்பெண் விழும். சில இடங்களில் என்னென்ன கேள்வி வரும் என்று முதல் நாளே "முக்கியமான கணக்குகள்" என்ற பெயரில் சொல்லிவிடுவார்கள்.

சரி, அந்த 58-ம் 96-ம் கடைசியில் எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்ப்போம். பொறியியல் கலந்தாய்வில் எடுத்துக்கொள்வது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணை மட்டும். பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுக்கு அங்கே இடமே கிடையாது. உங்கள் மகளின் 58, அக்கா மகளின் 96 இரண்டுக்குமே அங்கே எடை பூஜ்யம். பள்ளித் தேர்வு மதிப்பெண்ணால் ஒரே ஒரு பயன்தான் உண்டு. பிள்ளைக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று நேரத்தோடு காட்டிக் கொடுப்பது. கூட்டிப் போட்ட மதிப்பெண் அந்த ஒரே பயனையும் கெடுத்துவிடுகிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பாக் நீரிணையில் எங்கெங்கே மணல்திட்டு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆழம் காட்டும் கருவி இரண்டு பாகம் (கடலாழத்தை அளக்கிற அளவு) கூட்டியே காட்டினால், அந்த நிமிஷத்தில் மனசுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும், படகு திட்டில் ஏறுகிற வரைக்கும்.

எடை என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் இன்ஜினியரிங் கட்-ஆஃப், அமெரிக்கப் பெண்ணின் நாலரை, உங்கள் குழப்பம் எல்லாம் இந்த ஒரு கணக்கில்தான் வந்து முடிகின்றன. புத்தகத்தில் இதை எடையிட்ட சராசரி என்போம். கரையில் இருப்பவர்களுக்கு இது தினசரிக் கணக்கு. படகில் 10 கிலோ இறாலும் 90 கிலோ சங்காயமும் (மலிவாகப் போகிற கழிசல் மீன்) வந்தது என்று வைத்துக்கொள்வோம். இறால் கிலோ 500 ரூபாய், சங்காயம் கிலோ 20 ரூபாய். இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 260. இன்றைக்கு மீன் சராசரியாகக் கிலோ 260-க்குப் போனது என்று யாராவது சொன்னால் கரையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். கைக்கு வந்தது இறாலுக்கு 5,000, சங்காயத்துக்கு 1,800, மொத்தம் 6,800. 100 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 68 ரூபாய்தான். எந்த விலைக்கு எத்தனை கிலோ போனது என்பதைச் சேர்த்துப் பார்க்காத சராசரி ஆளை ஏமாற்றிவிடும்.

பொறியியல் கட்-ஆஃபும் இப்படித்தான். 200-க்கு அதைக் கணக்கிடுகிறார்கள். கணக்கில் எடுத்த 100 அப்படியே 100. இயற்பியல் 100 பாதியாகி 50. வேதியியலும் அப்படியே 50. அதாவது கணக்குக்கு இரண்டு பங்கு எடை, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு பங்கு. தமிழ், ஆங்கிலம், கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றும் 600-க்கான மொத்தத்தில் உண்டு, கட்-ஆஃபில் கிடையாது. இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி கணக்கில் 98, இயற்பியலில் 86, வேதியியலில் 86. இன்னொருத்தி கணக்கில் 86, மற்ற இரண்டிலும் 92. மூன்று பாடத்தையும் கூட்டினால் இருவருக்கும் 270, ஒரு மதிப்பெண் வித்தியாசம் கிடையாது. கட்-ஆஃப் போட்டால் முதல் பிள்ளைக்கு 98, 43, 43 சேர்ந்து 184. இரண்டாவது பிள்ளைக்கு 86, 46, 46 சேர்ந்து 178. அந்த 6 மதிப்பெண்ணுக்குள் தரவரிசையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நிற்பார்கள்.

ஆகவே உங்கள் மகளின் மூன்று எண்களில் எனக்குக் கவலை தருவது கணக்கு 58 மட்டும்தான். 64-ஐயும் 71-ஐயும் பற்றி நான் இப்போதைக்குப் பேசப் போவதில்லை.

வேறு படிப்புக்குப் போனால் இந்த எடையே மாறிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில், இராமேசுவரத்தில் இருக்கும் கலாம் பெயரிலான கல்லூரி உட்பட, பொதுவாக நான்கு முதன்மைப் பாடங்களின் 400-ஐ வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். தமிழ் இலக்கியம் படிக்க வந்தால் தமிழ் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பொது நுழைவுத்தேர்வுதான் சேர்க்கையை முடிவு செய்கிறது. மருத்துவத்துக்கு நீட். கையில் இருப்பது ஒரே மார்க் ஷீட், போகிற வாசலைப் பொறுத்து அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் எடை வேறு. "மொத்தம் எவ்வளவு?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் உங்கள் மகளுடன் உட்கார்ந்து, எந்த வாசலுக்குப் போகிறாள், அங்கே எதை நிறுக்கிறார்கள் என்று பாருங்கள்.

எடையைப் பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது. பல ஆசிரியர்களே இதை யோசிப்பதில்லை என்பதால் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 10 மதிப்பெண் அகமதிப்பீடு. வருகை, சிறுதேர்வு, ஒப்படைப்பு என்று பார்த்துப் பள்ளியே போடுவது. காகிதத்தில் அதற்குப் பத்தில் ஒரு பங்கு எடை. ஆனால் நான் பார்த்த பள்ளிகளில் பெரும்பாலும் எல்லாப் பிள்ளைக்கும் 10 விழுந்துவிடும், கொஞ்சம் கண்டிப்பான இடமாக இருந்தால் 9. எல்லோருக்கும் அதே 10-ஐக் கூட்டினால் வரிசையில் யாரும் ஒரு அடிகூட முன்னே போவதில்லை, பின்னே போவதும் இல்லை. அந்த 10-க்கு உண்மையில் எடை எதுவும் இல்லாமல் போகிறது. ஒழுங்காகத் தினமும் வந்து, ஒப்படைப்பைத் தானே எழுதிய பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பலன் கரைந்துவிடுகிறது. தகுதிக்கு மேல் கூட்டிப் போடுகிற இந்த மதிப்பெண் வீக்கத்தில் எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் இதுதான். எல்லோருக்கும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, உழைக்கிற பிள்ளைக்கு நாம் அநியாயம் செய்கிறோம்.

நானும் இதைச் செய்தவள்தான். வேலைக்கு வந்த ஏழாவது, எட்டாவது வருஷம் இருக்கும். அப்போதெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண். வல்லத்தில் மீன்பிடிக்கப் போகிற ஒருவரின் மகன் என் வகுப்பில் இருந்தான். நல்ல பையன், வகுப்பில் கேள்வி கேட்பான். அரையாண்டில் அவனுக்கு நியாயமாக வந்தது 110. பெற்றோர் கூட்டம் வருகிறது, பட்டியல் நன்றாக இருக்க வேண்டும் என்று மேலிருந்து ஒரு சொல் வந்தது. எனக்கும் அவனைத் தட்டிக்கொடுத்த மாதிரி இருக்கட்டும் என்று தோன்றியது. அங்கே இரண்டு, இங்கே மூன்று என்று கூட்டி 150 போட்டேன். தை மாதத்துக்கு அப்புறம் அவன் மாலை வகுப்புக்கு வருவது குறைந்தது. சந்தேகம் கேட்பதும் நின்றது. ஏன் கேட்க வேண்டும்? 150 எடுக்கிறவனுக்கு என்ன சந்தேகம் இருக்கப்போகிறது? பொதுத்தேர்வில் அவன் எடுத்தது 93. முடிவு வந்த மறுநாள் பள்ளி வாசலில் வந்து நின்று, "டீச்சர், நீங்க 150 போட்டீங்களே" என்றான். கோபத்தில் கேட்கவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. அந்த முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அதற்கப்புறம் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒரு விடைத்தாளிலும் நான் கூட்டிப் போட்டதில்லை. எங்கே தவறினாய் என்று ஒரு வரி எழுதாமல் ஒரு விடைத்தாளையும் திருப்பிக் கொடுத்ததும் இல்லை.

ஆகவே உங்கள் மகளுக்கு 58 போட்ட கணக்கு ஆசிரியர் மேல் கோபப்படாதீர்கள். அவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் மேல் எனக்கு மரியாதை வருகிறது.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். நாலுக்கு நாலரை வருவது நிஜம்தான், கொழுந்தனார் பொய் சொல்லவில்லை. அங்கே பல பள்ளிகளில் 'ஏ' கிரேடுக்கு 4 புள்ளி, 'பி' கிரேடுக்கு 3. கல்லூரி அளவுக்குக் கடினமான ஏ.பி. என்ற பாடங்களை எடுத்தால் 'ஏ'-க்கு 5 புள்ளி தருகிறார்கள். கடினமான பாடம் எடுத்த பிள்ளை நஷ்டப்படக் கூடாது என்று வைத்த ஏற்பாடு அது. ஆறு பாடத்தில் மூன்று ஏ.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கினால் மூன்று ஐந்து 15, மூன்று நான்கு 12, மொத்தம் 27. ஆறால் வகுத்தால் 4.5. அவ்வளவுதான். இதில் ஒரு விபரீதமும் உண்டு. அந்தப் பெண் ஆசைப்பட்டு ஏழாவதாகச் சங்கீதப் பாடம் எடுத்து அதிலும் 'ஏ' வாங்கினால், 31-ஐ ஏழால் வகுத்து 4.43 ஆகிவிடும். முழு மதிப்பெண் வாங்கியும் சராசரி இறங்குகிறது, ஏனென்றால் இருக்கிற சராசரியைவிடச் சின்ன எண் எது சேர்ந்தாலும் சராசரி இறங்கத்தான் செய்யும். இதற்குப் பயந்தே சங்கீதத்தையும் ஓவியத்தையும் விட்டுவிடுகிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமான விஷயம்.

அங்கேயும் மதிப்பெண் வீங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. நம்மைப் போல ஒரு பொதுத்தேர்வு அங்கே எல்லோருக்கும் கிடையாது. வகுப்பு ஆசிரியர் போடுகிற கிரேடுதான் கல்லூரிக்குப் போகிற சான்றிதழில் ஏறுகிறது. 1990-இல் பள்ளி முடித்தவர்களின் சராசரி 4-க்கு 2.68. 2019-இல் முடித்தவர்களுக்கு 3.11. இது அந்த நாட்டு அரசே எடுத்த கணக்கு. ஆனால் நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி வைக்கிற கணக்குத் தேர்வில், 2019-இல் முடித்தவர்கள் 2009-இல் முடித்தவர்களைவிடக் குறைவாக எடுத்தார்கள். கிரேடு ஏறிக்கொண்டிருக்கும்போதே கணக்கு இறங்கியிருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் பள்ளி கொடுக்கும் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பத்து, பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை மட்டும் எடுத்து, கூடுதல் புள்ளிக்கு ஓர் உச்சவரம்பு வைத்துத் தானே மறுபடி கணக்குப் போடுகிறது. ஆகவே அந்த நாலரையைப் பார்த்து உங்கள் மகள் வருத்தப்பட எதுவும் இல்லை. இரண்டு வேறு தராசு. கொழுந்தனார் மகளும் கஷ்டப்பட்டுப் படிக்கிற பிள்ளையாகத்தான் இருக்கும், அவளை வாழ்த்துங்கள்.

நம் ஊர்ப் பொதுத்தேர்வும் எப்போதும் ஒரே அளவுகோலாக இருந்ததில்லை. கொரோனாவால் 2021-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடக்காமல் போனபோது, பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம், பதினொன்றாம் வகுப்புக்கு 20 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 சதவீதம் என்று எடை வைத்து மதிப்பெண் போட்டார்கள். வேறு வழி இருக்கவில்லை. எடையைத் தேர்வுக்கு முன்பே சொன்னால் பிள்ளைகள் அதற்குத் தகுந்தபடி உழைப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு சொன்னதால் பத்தாவதில் விளையாட்டுத்தனமாக இருந்துவிட்டுப் பன்னிரண்டாவதில் விழித்துக்கொண்ட பிள்ளைகள் அடிபட்டார்கள். அதே 2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் சில படிப்புகளுக்கு 100 சதவீதம் இருந்தால்தான் இடம் என்றார்கள். அடுத்த வருஷமே மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத்தேர்வு வந்துவிட்டது. எல்லோருடைய மதிப்பெண்ணும் உச்சத்தில் போய் முட்டினால் அதை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. அப்போது வாசலில் வேறொரு தேர்வு வந்து நிற்கும். அதற்குத் தயாராகப் பயிற்சி மையத்தில் பணம் கட்ட முடிந்தவர்கள் முன்னே போவார்கள். நம் கரையோரப் பிள்ளைகள் அதில்தான் பின்தங்குகிறார்கள். மதிப்பெண் வீக்கத்தை நான் வெறும் பள்ளிக்கூட விவகாரமாக நினைக்காததற்கு இது காரணம்.

இனி பள்ளி மாற்றும் விஷயம். இதில் எனக்கு இரண்டு மனசு இல்லை. மாற்றாதீர்கள்.

முதல் காரணம் பணமும் உரிமையும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியலிலும் வேறு தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. மருத்துவத்தில் அதற்கு முந்தைய வருஷமே வந்துவிட்டது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அதோடு புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்றால், கடைசி ஒரு வருஷத்துக்காக அவளைத் தனியார் பள்ளியில் சேர்க்கிற நாளில் இது அத்தனையும் போய்விடும். கடன் வாங்கிப் பணம் கட்டி, கையில் இருப்பதையும் இழப்பீர்கள். அந்தக் கட்டணமும் எப்போது கேட்பார்கள்? ஜூன் மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, வலையையும் இன்ஜினையும் சரிபார்த்து, கையில் ஒன்றும் இல்லாமல் நீங்கள் இருக்கும் நேரம். யார் வட்டிக்குக் கொடுப்பார்கள், எவ்வளவு வட்டிக்குக் கொடுப்பார்கள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது காரணம் பதினொன்றாம் வகுப்புப் பாடம். பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துகின்றன என்ற குறை நெடுங்காலமாக உண்டு. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வை நீக்கிவிட்டார்கள். பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்க எடுத்த முடிவு அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதினொன்றில் வெளியிலிருந்து ஒருவரும் அளந்து பார்க்காததால் பள்ளி போடுகிற மதிப்பெண் மட்டுமே இப்போது மிச்சம். நீங்கள் சொல்லும் பள்ளி அப்படிச் செய்கிறது என்று எனக்குத் தெரியாது, ஒழுங்காக நடத்தித் திருத்துகிற தனியார் பள்ளிகளும் உண்டு. இருந்தாலும் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கணக்கில் வகையிடல், தொகையிடல் என்ற பாடங்களை நடத்தி முடித்துவிட்டார்களா? பதினொன்றில் அது இரண்டும் கைக்கு வராத பிள்ளைக்குப் பன்னிரண்டில் நுண்கணிதம் வெறும் மனப்பாடம். அந்த மனப்பாடத்தில் 95 எடுத்துவிட்டுப் பொறியியல் முதல் வருஷத்தில் கணக்குத் தாளில் அரியர் வைத்துத் திரும்பி வந்த பிள்ளைகளுக்கு நான் வீட்டு வராந்தாவில் உட்கார வைத்துப் பாடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஒருவரும் மந்தமானவர்கள் இல்லை.

மூன்றாவதாக, தங்கச்சிமடத்திலிருந்து இராமநாதபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருவது. ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த 58. இதையும் அப்படியே நம்பாதீர்கள். கண்டிப்பான ஆசிரியர் கையிலும் தப்பு வரும், கண்டிப்பாகத் திருத்திவிட்டு எங்கே தவறு என்று சொல்லாமல் விட்டால் அதிலும் பிரயோசனம் இல்லை. மகளின் கணக்கு விடைத்தாளைக் கையில் எடுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டாம். போன 42 மதிப்பெண் எப்படிப் போனது என்று அவளையே பிரிக்கச் சொல்லுங்கள். வழி தெரியாமல் விட்டது எவ்வளவு, வழி தெரிந்தும் கூட்டல் கழித்தலில், குறியில் தவறியது எவ்வளவு, நேரம் இல்லாமல் விட்டது எவ்வளவு. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கூட்டல் கழித்தலில் 15 போயிருந்தால் அவள் உண்மையில் 73 எடுக்கக்கூடிய பிள்ளை, தினமும் நாலு கணக்கை நிதானமாகப் போட்டாலே அது சரியாகிவிடும். வழி தெரியாமல் விட்டதுதான் அதிகம் என்றால், எந்தப் பாடத்தில் என்று எழுதிக்கொண்டு அந்த ஆசிரியரிடமே போகச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு நாள் கூடப் போங்கள். "ஏன் சார் இவ்வளவு குறைச்சுப் போட்டீங்க?" என்று ஆரம்பிக்காமல், "இவளுக்கு எது வரவில்லை, நாங்க வீட்டில் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற தாய் வந்தால் எந்த ஆசிரியரும் எழுந்து நின்று பதில் சொல்வார். நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளையிடமும் பேசுங்கள். பதினாறு வயதில் 58-ஐயும் 96-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சாதாரண வேதனை இல்லை. "மார்க் முக்கியம் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவள் நம்ப மாட்டாள், அது உண்மையும் இல்லை. 431-ம் 438-ம் எடுத்த கதையை அவளுக்கு ஞாபகப்படுத்துங்கள். இந்தக் கட்-ஆஃப் கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் கையில் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் அக்கா. அவர் உங்கள் பிள்ளை மேல் இருக்கிற பாசத்தில்தான் சொல்கிறார். அவரிடம் போய், "உன் மகள் மார்க் பொய்" என்று சொல்லிவிடாதீர்கள். அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. நிஜமாகவே அந்தப் பெண் அவ்வளவு நன்றாகப் படிக்கலாம். அதற்குப் பதில் வருகிற பொங்கல் விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருந்த காலத்துக் கணக்குக் கேள்வித்தாள் ஒன்றை, இருவரும் இதுவரை பார்க்காததாக, வாங்கி வையுங்கள். எழுதுவதற்கு முன்னால், இரண்டு பள்ளியிலும் நடத்தி முடித்த பாடங்களில் உள்ள கேள்விகளை மட்டும் ஒருவரைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். முற்றத்தில் ஆளுக்கு ஒரு மூலையில் உட்காரட்டும், கைப்பேசி இரண்டும் உங்கள் கையில் இருக்கட்டும். முதல் பத்து நிமிஷம் கேள்வித்தாளைப் படிக்க மட்டும், அப்புறம் மூன்று மணி நேரம். எழுதியதைப் பெயர் போடாமல், இரண்டு பள்ளியையும் சேராத ஓர் ஆசிரியரிடம் கொடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கே அனுப்புங்கள், நான் திருத்தித் தருகிறேன். எத்தனை மதிப்பெண் என்று மட்டும் சொல்லாமல் எங்கெங்கே தவறு என்று இரண்டு பேருக்கும் எழுதித் தருவேன். அன்றைக்கு மதியம் அக்காவும் நீங்களும் அடுப்படியில் இருங்கள், பிள்ளைகள் பக்கம் போக வேண்டாம்.